ஆளில்லாமல் விளைந்த நெல்

திருவாரூரிலிருந்து நாகப்பட்டினம் போகும் சாலையில் கீழ்வேளூர். ஊர்க்காரர் வாயில் கீவளூர். அங்கிருந்து தெற்கே திரும்பினால் தேவூர். திருவாரூர், கீழ்வேளூர், தேவூர், சாலையை விட்டு விலகாமல் கிழக்கே போனால் சிக்கல், தேவூருக்கும் தெற்கே போனால் தேவாரம் கோளிலி என்று சொல்லும் திருக்குவளை. எல்லாமே பாடல் பெற்ற தலங்கள். தமிழ் எம்.ஏ. படித்த எங்களுக்குக் காவிரித் தென்கரைத் தலங்களை வரிசையாக ஒப்பிக்கத் தெரியும். ஒரு பேருந்துத் தடத்தில் இத்தனை பதிகங்கள் கிடக்கிற வட்டாரம் தமிழில் வேறு அதிகம் இல்லை.

தேவூரைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் கீழ்வெண்மணி. அதை எந்த நாயன்மாரும் பாடவில்லை. பாடல் பெறுவதற்கு அந்த ஊர் 1968 டிசம்பர் 25 இரவு வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்த இரவில் நடந்ததை இந்தப் பக்கங்களை வாசிக்கிறவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர்களின் சேரி தாக்கப்பட்டது. ஓட முடியாத பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும் ராமய்யாவின் குடிசைக்குள் ஒண்டினார்கள். குடிசை கொளுத்தப்பட்டது. 44 பேர். அத்தனை பேரும் தலித்துகள். அதன் பிறகு வெண்மணியைப் பற்றிக் கவிதை, நாவல், பாட்டு, சினிமா, ஆவணப்படம் என்று நிறைய வந்துவிட்டது. ஆக இப்போது அதுவும் ஓர் இலக்கியத் தலம்தான். டிசம்பர் 25இல் செங்கொடியோடு கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். நான் கூட்டமில்லாத ஒரு நாளில் போனேன். இலக்கியம் இந்த ஊருக்குள் எந்த வழியாக நுழைந்தது, யார் வீட்டு வாசலில் போய் நின்றது என்பதுதான் என் கேள்வியாக இருந்தது.

வெண்மணிக்கு முன் அதற்குத் தெற்கே உள்ள இன்னொரு ஊரைப் பேசிவிட வேண்டும். திருக்குவளையை ஒட்டிய குண்டையூர். அந்த ஊர்க் கிழார் சுந்தரருக்குத் தவறாமல் நெல் அனுப்பிக்கொண்டிருந்தவர். ஒரு வருஷம் மழை பொய்த்தது, நெல் இல்லை. கிழார் வருந்தினார். சிவன் மனமிரங்கி ஊர் மறையும் அளவுக்கு நெல் மலை குவித்துக் கொடுத்துவிட்டார். இப்போது வேறு பிரச்சினை. இவ்வளவு நெல்லைத் திருவாரூரில் பரவையார் வீட்டுக்கு யார் கொண்டுபோவது? சுந்தரர் கோளிலிக்குப் போய்ப் பதிகம் பாடுகிறார். பதிகத்தின் முறையீடு ரொம்ப எளிமையானது: நெல் இருக்கிறது, தூக்க ஆள் இல்லை. ராத்திரியோடு ராத்திரியாகப் பூதகணங்கள் வந்து நெல்லைத் திருவாரூரில் கொட்டிவிட்டுப் போகின்றன. வீதி நிறைந்து நெல். அவரவர் வாசலில் கிடப்பதை அவரவர் எடுத்துக்கொள்ளுங்கள் என்று பரவையார் பறையறைவிக்கிறார். சேக்கிழார் இதை விரிவாகவே பாடியிருக்கிறார்.

பக்தியாக வாசிக்கிறவர்கள் வாசித்துக்கொள்ளட்டும். நான் இதைக் கீழத்தஞ்சையின் வேளாண் உற்பத்தி பற்றிய பிரதியாக வாசிக்கிறேன். உழாமல், நாற்றுப் பறிக்காமல், நடாமல், அறுக்காமல் நெல் வருகிறது. சுமப்பதற்கும் கூலி இல்லாத பூதம் வருகிறது. கடைசியில் மிஞ்சுவது நெல்லும் நெல்லைக் கொடுத்த பெருந்தன்மையும் மட்டும். நடுவில் இருந்த ஆட்களைக் காணோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் வருகிறார். நாகப்பட்டினத்துக்குப் பக்கத்து நரிமணத்தில் பிறந்தவர், அதாவது இதே வட்டாரத்து ஆள். சேக்கிழாரின் திருநாளைப்போவார் கதையில் பண்ணை ஆண்டை கிடையாது. பாரதியார் அங்கே ஒரு வேதியரைக் கொண்டுவந்து நிறுத்துகிறார். இது பெரிய காரியம். பண்ணையாள் முறை தமிழ்க் கீர்த்தனைக்குள் அப்படியே வந்து விழுந்தது. சிதம்பரம் போக உத்தரவு கேட்கும் நந்தனிடம், நாற்பது வேலி நிலத்தை விளைவித்துக் கொடுத்துவிட்டுப் போ என்கிறார் ஆண்டை. ஒரு வேலிக்கு ஆறேமுக்கால் ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு என்று வைத்தாலும் சுமார் 266 ஏக்கர். ஓர் ஆள், ஓர் இரவு. சுரண்டலை இவ்வளவு துல்லியமாக எழுதியவர், தீர்வுக்கு மறுபடியும் பூதகணங்களைத்தான் கூப்பிட்டார். விடிந்தால் நாற்பது வேலியும் கதிர் சாய்ந்து கிடக்கிறது. ஆண்டை நந்தன் காலில் விழுகிறார். நந்தன் போய்த் தீயில் இறங்குகிறார்.

தஞ்சாவூர்ப் பக்கத்தில் 'ஆள்' என்ற சொல்லுக்குத் தனி வரலாறு இருக்கிறது. பண்ணையாள், அவன் வீட்டு ஆள், ஆள் அனுப்பு, ஆள் விட்டு அடி. இலக்கணக்காரன் புத்தியில் ஒன்று தோன்றுகிறது: ஆள் என்பது பெயராக நின்றால் அடிமை, வினையாக நின்றால் ஆட்சி. சரி, அது கிடக்கட்டும்.

அந்த ஆட்கள் பூதமாக இருக்க மாட்டோம் என்று சொல்லத் தொடங்கியது 1940களில். கன்னட தேசத்திலிருந்து வந்த பி. சீனிவாசராவ் சேரிகளில் தங்கி, சேரிச் சோற்றைத் தின்று சங்கம் கட்டினார். சவுக்கடியும் சாணிப்பாலும் ஒழிந்தது பஜனை பாடி அல்ல, 1944இல் மன்னார்குடியில் மிராசுதார்களை உட்காரவைத்துக் கையெழுத்து வாங்கியதால். 1952இல் ராஜாஜி அரசாங்கம் பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அடுத்த பத்தாண்டில் தஞ்சை ஜில்லா தீவிர விவசாயத் திட்டத்துக்குள் வந்தது. உரம், குறுகிய கால விதை, இரண்டு போகம். விளைச்சல் கூடினால் கூலியும் கூட வேண்டும் என்று சங்கம் கேட்டது. கேட்ட இடத்திலெல்லாம் வெளியூர் ஆட்களை இறக்கினார்கள் மிராசுதார்கள். இதை எதிர்கொள்ள அவர்களும் ஒரு சங்கம் வைத்தார்கள். அதன் பெயர் நெல் உற்பத்தியாளர் சங்கம். தலைவர் இரிஞ்சூர் கோபாலகிருஷ்ண நாயுடு.

இந்தப் பெயரை நாம் போதுமான அளவு வாசிக்கவில்லை என்று நினைக்கிறேன். நிலத்தில் இறங்காதவர்கள் நெல் உற்பத்தியாளர். இறங்குகிறவர்கள் உற்பத்தியாளருக்குத் தொல்லை கொடுப்பவர்கள். அரசாங்கக் கடிதங்களும் பத்திரிகைகளும் இந்தப் பெயரை எந்த உறுத்தலும் இல்லாமல் புழங்கின. ஏன் உறுத்தவில்லை என்றால், குண்டையூர் நெல் மலையிலிருந்து நமக்குப் பழகிய மொழி இது. இந்த மொழிக்குள் நெல் வேறு, ஆள் வேறு.

இனி ஊருக்குள் போவோம். இரண்டு பக்கமும் வயல், வாய்க்கால், பிறகு வீடுகள். நினைவுச் சின்னத்தில் 44 பேரின் பெயர்கள் வெட்டியிருக்கிறது. வரிசையாக வாசித்தால் ஒரே குடும்பங்கள் திரும்பத் திரும்ப வருவது தெரியும். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வெளியே வந்து டீக்கடைப் பக்கம் உட்கார்ந்தேன். அறுபத்தைந்து வயது தாண்டிய ஓர் அம்மா என் பையைப் பார்த்துவிட்டு அவராகவே பேச்சுக் கொடுத்தார்.

"எழுதவா வந்தீங்க தம்பி?"

"ஆமாம்மா. கொஞ்சம் கேட்டுட்டுப் போகலாம்னு."

"வாரவங்க எல்லாம் அந்த ராத்திரியத்தான் கேக்குறாங்க. நான் அப்ப சின்னப் பிள்ள. அந்த ராத்திரிக்கு முந்தி எங்க சனம் என்ன தின்னுச்சு, எங்க கூடிப் பேசுச்சு, எப்புடித் துணிஞ்சுச்சுன்னு ஒருத்தரும் கேக்கல பாருங்க."

பிறகு அவர் பெரியவர்களிடம் கேட்ட சங்கதிகளைச் சொன்னார். கூலி அளக்க ஒரு மரக்கால், வாங்கி அளக்க ஒரு மரக்கால். அளக்கிறவன் கட்டைவிரல் உள்ளே போனால் ஒரு பிடி குறையும். கலம் கணக்கில் பார்த்தால் அது எவ்வளவு ஆகும் என்று படிக்காத பெண்கள் களத்திலேயே நின்று கணக்குப் போட்டது. களத்துமேட்டில் பெண்கள்தான் முதலில் வாயைத் திறந்தார்களாம். அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டதற்குத்தானே இவ்வளவும் என்றேன். எல்லா மேடையிலும் அப்படித்தானே சொல்கிறோம்.

"அரைப்படி அரைப்படிங்குறாங்க. அரைப்படிக்கா தம்பி கொளுத்துனாங்க? கொடிய எறக்குன்னாங்க. எங்காளுவ எறக்க மாட்டோம்னுட்டாங்க. அதான்."

எங்காளுவ. அதே ஆள்தான். ஆனால் இந்த வாயில் அது யாருடைய பண்ணைக்கும் சொந்தமில்லை. இது அந்த அம்மாவின் தனிப்பட்ட வியாக்கியானமும் அல்ல. செங்கொடிச் சங்கத்தை விட்டு விலகு, நெல் உற்பத்தியாளர் சங்கத்தின் பக்கம் வா என்ற நெருக்குதல் அந்த வருஷங்களில் ஊர் ஊராக நடந்தது. கூலியைப் பேரம் பேசித் தர மிராசுதார்கள் பல இடங்களில் தயாராகவே இருந்தார்கள். கூட்டாக வந்து கேட்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. சேரியில் ஒரு கொடிக்கம்பம் நிற்பதற்கும், தெருவில் துண்டை இடுப்பில் கட்டாமல் நடப்பதற்கும் தூரம் அதிகமில்லை. இது அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

சம்பவத்துக்குப் பின் வந்த முதல் பெரிய கதையாடலை எழுதியது எழுத்தாளர் யாரும் இல்லை, நீதிமன்றம். 1970இல் நாகப்பட்டினம் செஷன்ஸ் நீதிமன்றம் கோபாலகிருஷ்ண நாயுடுவுக்குப் பத்தாண்டுச் சிறை கொடுத்தது, வேறு சிலருக்கும் தண்டனை கொடுத்தது. 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் எல்லோரையும் விடுவித்தது. அதே மாலை நடந்த மோதலில் மிராசுதார் தரப்பு ஆள் ஒருவர் கொல்லப்பட்டிருந்தார். அந்த வழக்கில் வெண்மணிக்காரர்கள் சிலர் தண்டனை பெற்றார்கள். உயர் நீதிமன்றம் விடுதலைக்குச் சொன்ன காரணங்களில் ஒன்று தமிழ் இலக்கிய மாணவன் ஒவ்வொருவனும் படிக்க வேண்டியது. எதிரிகளில் பலர் பெரும் நிலக்காரர்கள், ஒருவரிடம் கார் இருக்கிறது. இப்படிப்பட்டவர்கள் வேலையாட்கள் துணையில்லாமல் தாங்களே நடந்துபோய்க் குடிசைக்குத் தீ வைத்திருப்பார்கள் என்பது நம்பும்படியாக இல்லை. சாரம் இவ்வளவுதான். எழுபதுகளில் மைதிலி சிவராமன் இதை எடுத்துவைத்து ஆங்கிலத்தில் கடுமையாக எழுதினார். கொலையாளிகளைக் கனவான்கள் என்று அவர் தலைப்பிலேயே குத்தியது இதைத்தான்.

நான் கவனிக்க விரும்புவது வேறு ஒன்று. நீதிபதி இங்கே செய்திருப்பது நாவல் விமர்சனம். 'இந்தப் பாத்திரம் இப்படிச் செய்யுமா?' என்று கேட்கிறார். நம்பகத்தன்மை என்று எங்கள் வகுப்பில் ஒரு சொல் உண்டு. பாத்திரத்தின் தகுதிக்குப் பொருந்தாத செயலை ஆசிரியர் ஏற்றினால் கதை கெட்டுவிடும் என்போம். அதே அளவுகோல்தான். எரிந்தவர்களின் உறவினர்கள் கண்ணால் கண்டு சொன்ன சாட்சியத்தைவிட, மிராசுதார் எப்படிப்பட்ட பாத்திரம் என்ற முன்கூட்டிய அறிவு வலுவாக நின்றது. ஆள் இல்லாமல் மிராசுதார் ஒரு துரும்பைக்கூட அசைக்க மாட்டார் என்று நீதிமன்றம் நம்பியது. பூதகணங்கள் இல்லாமல் நெல் நகராது என்று சேக்கிழார் நம்பியது மாதிரி.

அடுத்து இந்திரா பார்த்தசாரதியின் குருதிப்புனல், 1975. சாகித்திய அகாதமி பரிசு 1977. கும்பகோணத்துக்காரர், தில்லியில் பேராசிரியர். பெரிய பத்திரிகைகள் வெண்மணியை மறந்துவிட்ட நேரத்தில் ஒரு நாவல் அதைத் தொட்டது என்பதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அரசாங்கத்தையும் போலீசையும் கட்சிகளையும் அதில் அவர் நையாண்டி செய்கிற இடங்கள் இன்றைக்கும் பழசாகவில்லை. ஆனால் கதை எந்த வாசலில் போய் நிற்கிறது? கண்ணையா நாயுடுவின் வாசலில். அவருடைய ஆண்மையின்மை, அதை மறைக்க அவர் போடும் வேஷம், அது அம்பலமாகும்போது கிளம்பும் வெறி. தீக்கு மூலம் அங்கே தேடப்படுகிறது. ஊரைப் பார்க்கும் கண்ணும் தில்லியிலிருந்து வந்த கோபாலுடையது, அவனைத் தேடி வரும் சிவாவுடையது. இரண்டு பேரும் நல்லவர்கள், நிறைய யோசிக்கிறார்கள். சேரிக்காரர்கள் அவர்கள் யோசிப்பதற்கான பொருளாக இருக்கிறார்கள்.

நாவல் வந்தபோதே இடதுசாரிகள் எதிர்த்தார்கள். வர்க்கப் போராட்டத்தைப் பாலியல் கோளாறாகச் சுருக்கிவிட்டார் என்றார்கள். குற்றச்சாட்டு சரிதான், ஆனால் பாதி தூரம்தான் போகிறது. ஃபிராய்டா மார்க்ஸா என்பது அல்ல என் வழக்கு. தீர்ப்பும் நாவலும் ஒரே கேள்வியைக் கேட்கின்றன என்பதுதான் என் வழக்கு. மிராசுதார் ஏன் செய்தார், எப்படிச் செய்திருக்க முடியும்? நீதிபதிக்கு அவர் மனசில் அப்படி ஒரு காரணம் இருக்க முடியாது என்று பட்டது. நாவலாசிரியருக்கு ஆழத்தில் ஒரு காரணம் இருக்க வேண்டும் என்று பட்டது. இரண்டு பேருக்கும் மனசு உள்ள பாத்திரம் மிராசுதார் ஒருத்தர்தான். கொடியை இறக்க மாட்டோம் என்று சொன்னவர்களுக்கும் மனசு இருந்திருக்கும், அதில் பயமும் கணக்கும் பிடிவாதமும் வீட்டுச் சண்டையும் இருந்திருக்கும் என்பது யாருக்கும் எழுதத் தோன்றவில்லை. 1980இல் கோபாலகிருஷ்ண நாயுடு கொலையுண்ட பிறகு இதற்கு ஒரு முடிவும் கிடைத்துவிட்டது. நம்ம ஆட்களே மேடையில் கதை சொல்லும்போது 1968இல் தொடங்கி 1980இல் வந்து நிறுத்துகிறார்கள். பழிக்குப் பழி. கைதட்டல். அப்படிச் சொன்னாலும் கதாநாயகன் இரிஞ்சூரில்தான் இருக்கிறான்.

கவிதைக்காரர்களில் ஞானக்கூத்தன் 'கீழ்வெண்மணி' என்றே தலைப்பிட்டு எழுதினார். சின்னக் கவிதை. இரவுக்குள் போகாமல் விடிந்த பிறகு சாம்பலைப் பார்க்கிறது. அந்த அடக்கம் எனக்குப் பிடிக்கும். ஆனால் அதுவும் வந்து பார்ப்பவரின் கவிதைதான். இன்குலாப்பின் 'மனுசங்கடா' கே.ஏ. குணசேகரன் குரலில் ஊர் ஊராகப் போனபோதுதான் 'நாங்கள்' என்று பேசும் குரல் இந்தக் கொடுமைகளைப் பற்றிப் பொது மேடைக்கு வந்தது. பேராசிரியர்கள் அதைப் பாட்டு என்று ஒதுக்கி வைத்தார்கள், இலக்கியம் என்று ஒத்துக்கொள்ள நாளானது.

தொண்ணூறுகளில் தலித் விவாதம் சூடானபோது வெண்மணி கூலிப் பிரச்சினையா சாதிப் பிரச்சினையா என்று கட்சி கட்டினோம். சங்கத்தில் சாதி இந்துக் கூலிகளும் இருந்தார்கள், எரிந்தவர்களில் ஒருவர்கூட சாதி இந்து இல்லை. இந்த ஒரு உண்மைக்கு இடதுசாரிகள் இன்றுவரை நேராகப் பதில் சொல்லவில்லை என்பதே என் எண்ணம். தியாகிகள் என்ற சொல் அந்தக் கேள்வியை மூடிவிடுகிறது. மறுபக்கம், சாதி மட்டும்தான் என்றவர்கள் அந்தச் செங்கொடியை என்ன செய்வது என்று தெரியாமல் விட்டுவிட்டார்கள். டீக்கடையில் அந்த அம்மா சொன்னதில் இரண்டும் பிரிந்து நிற்கவில்லை. மரக்காலில் விரல் விட்டு அளப்பது கூலித் திருட்டு. விரல் விடுகிறவனை நேராகப் பார்த்துக் கேட்க முடியாமல் இருந்தது சாதி. கொடி வந்தபோது பார்த்துக் கேட்டார்கள்.

பின்னால் வந்தவற்றில் சோலை சுந்தரபெருமாளின் செந்நெல் (1999) டெல்டாவில் வாழ்ந்தவரின் நாவல். வயலும் பேச்சும் அதில் இரவல் இல்லை. பாரதி கிருஷ்ணகுமாரின் ராமய்யாவின் குடிசை (2005) ஊர்க்காரர்களையே காமிரா முன் பேசவைத்தது. மீனா கந்தசாமி ஆங்கிலத்தில் எழுதிய தி ஜிப்ஸி காடஸ் (2014) இந்தக் கதையைச் சொல்ல யாருக்கு உரிமை என்ற கேள்வியையே நாவலுக்குள் போட்டு உடைக்கிறது. சில பக்கங்களில் சாமர்த்தியம் கூடிவிட்டாலும், சாட்சியத்தைச் சாட்சிகள் வாயிலிருந்தே கேட்க வேண்டும் என்ற பிடிவாதம் அதில் இருக்கிறது. இவையெல்லாம் வந்தும், பாடத்திட்டத்திலும் பரிசுப் பட்டியலிலும் வெண்மணி என்றால் இன்னும் குருதிப்புனல்தான்.

வேறு மாதிரி எழுத முடியாதா என்று கேட்டால், வெண்மணி எரிவதற்கு முன்பே எழுதிக் காட்டிய ஒருவர் இருக்கிறார். டி. செல்வராஜின் மலரும் சருகும் அறுபதுகளில் வந்த நாவல். திருநெல்வேலிப் பக்கத்து முத்திரை மரக்கால் போராட்டம் அதன் பொருள். நிலக்காரன் வைத்திருக்கும் கள்ள மரக்கால் வேண்டாம், முத்திரை குத்திய மரக்காலில் அள என்று கேட்டவர்களின் கதை. ஒரு அளவைக் கருவியை நடுவில் வைத்தால் களத்துமேடு தானாக வருகிறது, சாதி வருகிறது, பெண்கள் வருகிறார்கள், யார் எப்போது வாயைத் திறந்தார்கள் என்பது வருகிறது. நிலக்காரனின் மனசுக்குள் குடியேறாமலே நாவல் நடக்கிறது. எங்கள் துறைகளில் இதைச் சோஷலிச யதார்த்தவாதம் என்று ஒரு வரியில் முடித்துவிட்டுக் குருதிப்புனலுக்கு இரண்டு வகுப்பு ஒதுக்குவார்கள்.

கீழத்தஞ்சைக்கு அப்படி ஒன்று எழுதுவதானால் 1968இல் தொடங்கக் கூடாது. 1944இல் மன்னார்குடியில் கையெழுத்தான நாளுக்கும் ராமய்யாவின் குடிசைக்கும் நடுவில் இருபத்துநாலு வருஷம் இருக்கிறது. எந்தக் களத்தில் யார் முதலில் மரக்காலைப் பிடித்து நிறுத்தியது, கொடிக்கம்பத்துக்கு மூங்கில் யார் வீட்டிலிருந்து வந்தது, சங்கக் கூட்டத்துக்குப் போன பெண்ணை வீட்டில் என்ன சொன்னார்கள். இதெல்லாம் தேவூர், வெண்மணி, திருக்குவளைப் பக்கத்துக் கிழவிகளிடம் இன்னும் மிச்சமிருக்கிறது. ஒலிப்பதிவுக் கருவியோடு போகிறவர்கள் டிசம்பர் 25க்குப் போக வேண்டாம். அன்றைக்கு அவர்கள் கூட்டத்துக்குச் சோறாக்கிக்கொண்டிருப்பார்கள்.